செத்தவர் பீடி குடிப்பாரா?

மாதவரம் பால் பண்ணைக்குப் போகிற வழியில் நான் வழக்கமாக நிற்கிற டீக்கடை ஒன்று இருக்கிறது. லாரி செட்டுகளும் குடோன்களும் சூழ்ந்த இடம். அங்கே ஒரு பெரியவர். கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் ஓடியாடியவர். காலையில் டீ கிளாஸ் ஒரு கையில், பீடி ஒரு கையில். ஒருநாள் நான் லேசாக மூக்கைச் சுளித்துவிட்டேன் போலிருக்கிறது. பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், மூஞ்சியத் திருப்பிக்கிற? எங்க நைனா தொண்ணூறு வயசு வரிக்கும் சுருட்டு புடிச்சாரு. கல்லு மாரி இருந்தாரு. எங்க சித்தப்பா பீடிய கையால தொட்டதில்ல. நாப்பத்தஞ்சுல போய்ச் சேந்துட்டாரு. இதுக்கு இன்னா சொல்ற?"

நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்ததையும் போட்டார். "மணலி கம்பெனிப் புகையெல்லாம் உள்ள போவுது. அத்தவுடவா என் பீடிப் புகை?"

இந்த இரண்டு கேள்விகளையும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இதே இரண்டு கேள்விகளோடுதான் உலகத்தின் பெரிய பெரிய மூளைகள் அறுபது, எழுபது வருடம் மல்லுக்கட்டியிருக்கின்றன. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் ஊரில், ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இன்னும் சென்னையின் மூலை முடுக்கெல்லாம் வீடு வீடாகக் கதவைத் தட்டி எழுதப்பட்டது. நம்மில் பலருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

முதலில் கொஞ்சம் லண்டனுக்குப் போய்விட்டு வந்துவிடுவோம்.

1662. ஜான் கிரான்ட் என்று ஒரு துணி வியாபாரி. டாக்டரும் இல்லை, கணித மேதையும் இல்லை. லண்டனில் அப்போது வாராவாரம் எத்தனை பேர் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்று பட்டியல் போடுவார்கள். ஜனங்கள் அதை வாங்கி, பிளேக் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கிரான்ட் பழைய பட்டியல்களையெல்லாம் சேகரித்து, கடைக் கணக்குப் பார்ப்பதுபோல் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மரணத்துக்கு ஒரு பேரேடு. (பி.காம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் தனிப்பட்ட பெருமை.)

அந்தப் பட்டியலுக்குத் தகவல் தந்தது யார் தெரியுமா? வயதான பெண்கள். சாவு விழுந்த வீட்டுக்குப் போய், உடலைப் பார்த்து, விசாரித்து, இன்ன வியாதி என்று சொல்வதுதான் அவர்கள் வேலை. அதற்குச் சில்லறைக் கூலி. கிரான்ட்டுக்கு அவர்கள்மேல் முழு நம்பிக்கை கிடையாது. கையில் கொஞ்சம் காசு கூடுதலாக வைத்தால், வெளியே சொல்லக்கூடாத பால்வினை நோய் 'எலும்புருக்கி' என்று மாறிவிடும் என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். எலும்புருக்கி என்றால் காசநோய். அந்த லண்டனில் மானத்தைக் காப்பாற்றக் காசநோய் பயன்பட்டது. நம் ஊரில் காசநோயை மறைக்க வேறு ஒரு பெயர் பயன்பட்டது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கிரான்ட்டுக்கு அப்புறம் இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஒரே தாவு.

ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் டாக்டராக ஆசைப்பட்டவர். முதல் உலகப்போரில் விமானியாகப் போன இடத்தில் காசநோய் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் ஆஸ்பத்திரிப் படுக்கை. மருத்துவப் படிப்பு கனவாகிப் போனது. படுத்தபடி தபால் மூலம் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். அந்த ஆள்தான் இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்துக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய் கிடுகிடுவென ஏறிக்கொண்டிருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க ஹில்லும் ரிச்சர்ட் டால் என்ற இளம் டாக்டரும் இறங்கினார்கள். டாலுக்கு முதலில் யார்மேல் சந்தேகம் தெரியுமா? தார்ச் சாலைமேல். அப்புறம் கார் புகைமேல். நம் டீக்கடைப் பெரியவர் கட்சி! ஆஸ்பத்திரி நோயாளிகளை விசாரிக்க விசாரிக்க, தார் காணாமல் போய் சிகரெட் முன்னால் வந்து நின்றது. கணக்கு முடிவதற்குள் டாலே சிகரெட்டை விட்டுவிட்டார்.

ஆனால் நோய் வந்தவரிடம் போய் "முன்பு புகைத்தீர்களா?" என்று கேட்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வியாதிக்காரர் தன் பழக்கத்தை ஒரு மாதிரி நினைவு வைத்திருப்பார், ஆரோக்கியமானவர் வேறு மாதிரி. எனவே 1951-ல் இருவரும் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். பிரிட்டனில் பதிவு செய்திருந்த சுமார் 60 ஆயிரம் டாக்டர்களுக்கும் கடிதம். புகைப்பீர்களா, எவ்வளவு? அவ்வளவுதான். 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் போட்டார்கள். அதன் பிறகு செய்ய வேண்டிய வேலை காத்திருப்பது. யார் சாகிறார்கள், எதனால் சாகிறார்கள். 1954-ல் முதல் அறிக்கை வந்தபோது நுரையீரல் புற்றுநோயில் இறந்திருந்தவர்கள் 36 பேர். அதில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை. காத்திருப்பு ஐம்பது வருடம் தொடர்ந்தது. 2004-ல் வந்த அரை நூற்றாண்டு அறிக்கை, வாழ்நாள் முழுக்க சிகரெட் பிடித்தவர் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகப் போகிறார் என்றது. அப்போது டாலுக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

சரி, நைனா கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இந்தக் கணக்கு எந்த நைனாவையும் பற்றிப் பேசவில்லை. பத்தாயிரம் நைனாக்களைப் பற்றிப் பேசுகிறது. புகைப்பவர்களில் வருடத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள், அதே வயது புகைக்காதவர்களில் எத்தனை பேர்? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு எண் வரும். 1 வந்தால் புகை நிரபராதி. 2 வந்தால் இரண்டு மடங்கு ஆபத்து. இரண்டு மடங்கு என்றால் புகைப்பவர் எல்லோரும் செத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. தொண்ணூறு வயது நைனாக்கள் தாராளமாக மிஞ்சுவார்கள். மிஞ்சுகிறவர்தானே டீக்கடையில் உதாரணமாகப் பேசப்படுவார்? மிஞ்சாதவர் பெயரை யார் எடுக்கப் போகிறார்கள்!

இனி மெட்ராஸ்.

நம் ஊருக்கும் இந்தக் கணக்குப்பிள்ளைகளுக்கும் பழைய உறவு. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நம் ஐ.சி.எம்.ஆர்., மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம் என்று எல்லோரும் சேர்ந்து செய்த காரியம். தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். காசநோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதிக்கு மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு? ஒரே அறையில் ஆறேழு பேர், அரைவயிறு சாப்பாடு. 1959-ல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறிவிட்டார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்ததற்கு மெட்ராஸ் குடிசைகளும் ஒரு காரணம்.

மாத்திரை வந்துவிட்டது. ஆனால் காசநோய்ச் சாவு நிற்கவில்லை. அதிலும் நடுவயது ஆண்கள் ஏன் இவ்வளவு பேர் போகிறார்கள் என்பதற்குச் சரியான விடை இல்லை. வறுமை, நெரிசல் என்றால் பெண்களும் அதே வீட்டில்தானே இருக்கிறார்கள்?

இந்த இடத்தில் வருகிறார் டாக்டர் வேந்தன் கஜலட்சுமி. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டில் பணியாற்றியவர். டாலின் சிஷ்யரான ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோ கைகோத்தார். கூடவே டி.எஸ். கனகா. இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்பீர்களே, அவரேதான்.

இவர்கள் கையில் எடுத்தது சென்னை மாநகராட்சியின் மரணப் பதிவேடு. இது ஒரு பொக்கிஷம். சுடுகாட்டிலும் கல்லறையிலும் பதிவு இல்லாமல் காரியம் நடக்காது என்பதால், இந்த ஊரில் சாவு அநேகமாகக் கணக்குக்கு வந்துவிடும். பெயர், வயது, விலாசம் எல்லாம் சரியாக இருக்கும். ஒன்றே ஒன்றுதான் சரியாக இருக்காது. காரணம்! முதுமை, காய்ச்சல், மூச்சு நின்றது, இதயம் நின்றது. யோசித்துப் பாருங்கள். இதயம் நிற்காமல் யாராவது செத்திருக்கிறார்களா?

1995 முதல் 1997 வரை சென்னையில் இறந்துபோன பெரியவர்களின் விலாசங்களை எடுத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற பட்டதாரி இளைஞர்கள் வீடு வீடாகப் போனார்கள். இதற்கு 'வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை' என்று பெயர். கத்தி கிடையாது, பிணம் கிடையாது. மனைவியிடமோ மகனிடமோ உட்கார்ந்து பேச வேண்டும். கடைசி நாட்களில் என்ன செய்தது? எத்தனை மாதமாக இருமல்? சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வருமா? சளியில் ரத்தம் வந்ததா? உடம்பு இளைத்ததா? மார்பில் வலி என்றால் எங்கே, எவ்வளவு நேரம்? கேட்டதையெல்லாம் உள்ளூர் மொழியில், அதாவது தமிழில், ஒரு அறிக்கையாக எழுத வேண்டும். டாக்டர்கள் அதைப் படித்துக் காரணத்தை முடிவு செய்வார்கள். கவனியுங்கள், வியாதியின் பெயரைக் குடும்பம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சுமார் 48 ஆயிரம் மரணங்களை இப்படி விசாரித்தார்கள். காரணம் தெரியாதவை என்று பதிவேட்டில் கிடந்தவற்றின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. லண்டன் கிழவிகள் செய்த அதே வேலைதான். இந்த முறை கேள்விகள் ஒழுங்காக இருந்தன.

கேள்விகளில் இன்னொன்றும் இருந்தது. அவர் பீடி, சிகரெட் குடிப்பாரா?

சென்னையில் 27 ஆயிரம், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 16 ஆயிரம். ஆக நோயால் இறந்த 43 ஆயிரம் ஆண்கள் ஒரு பக்கம். உயிரோடிருக்கும் 35 ஆயிரம் ஆண்கள் மறுபக்கம். 2003 ஆகஸ்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. 25 முதல் 69 வயது வரையிலான சென்னை ஆண்களில், புகைத்தவர்களின் மரண விகிதம் புகைக்காதவர்களைப் போல 2.1 மடங்கு. இதுகூட ஆச்சரியமில்லை, வெள்ளைக்காரர் ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆச்சரியம் எதில் என்றால், எந்த வியாதியில் என்பதில். அங்கே புகை என்றாலே நுரையீரல் புற்றுநோய். இங்கே காசநோய்! புகைத்தவர் காசநோயில் சாகும் விகிதம் 4.5 மடங்கு.

இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். புகைக்கிற கூட்டத்தில் 45 பேர் காசநோயில் இறந்தார்கள் என்று வையுங்கள். இவர்கள் பீடியைத் தொடாமலிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? 10. மீதி 35 பீடி கணக்கு. காசநோயில் இறந்த புகைக்காதவர்களையும் சேர்த்துக்கொண்டு பார்த்தால்கூட, சென்னை ஆண்களின் காசநோய் மரணங்களில் 61 சதவிகிதம் புகையின் தலையில் விழுந்தது. இந்தியா முழுக்கப் பார்த்தால் ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகை ஒரு காரணம் என்று மதிப்பிட்டார்கள். வருடத்துக்கு மொத்தம் 7 லட்சம் பேர் புகையால் சாகிறார்கள் என்றும்.

எப்படி? கோக் 1882-ல் கண்டுபிடித்த கிருமி அல்லவா காரணம்? பீடிக்கு என்ன வேலை? கிருமி நெரிசலான ஊரில் ஏராளமானவர்கள் உடம்பில் ஏற்கெனவே குடியிருக்கிறது. வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆயுசு முழுக்கத் தூங்கிக்கொண்டே இருக்கும். புகை நுரையீரலின் காவல்காரனைக் கெடுத்துவிடுகிறது. கிருமி எழுந்துகொள்கிறது.

இன்னொரு நுட்பம். மடங்கை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சும்மா கணக்குக்காகச் சொல்கிறேன். ஓர் ஊரில் ஒரு வியாதிக்கு வருடம் 1 ஆள் சாகிறார். புகை அதைப் பத்து மடங்காக்கினால் 10. கூடுதல் 9 சாவு. இன்னொரு வியாதிக்கு 100 பேர் சாகிறார்கள். புகை அதை வெறும் இரண்டு மடங்குதான் ஆக்குகிறது. கூடுதல் 100 சாவு! பத்து மடங்கு என்று கேட்டால் திடுக்கிடுகிறோம், இரண்டு மடங்கு என்றால் அலட்சியமாக இருக்கிறோம். சென்னையில் புகைப்பவர்களின் கூடுதல் சாவில் மூன்றில் ஒரு பங்கு நெஞ்சுவலி, பக்கவாதம் வகை. அங்கே மடங்கு 1.8 மட்டுமே. புற்றுநோயின் பங்கு 11 சதவிகிதம்தான்.

உடனே சந்தேகம் வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் கவனமாகப் படிக்கவில்லை. பீடி குடிக்கிறவர் ஏழை. ஏழைக்குக் காசநோய் வருகிறது. பழி பீடிமேலா? அதனால்தான் வயதோடு படிப்பையும் சமன்படுத்திக் கணக்குப் போட்டார்கள். எட்டாவது படித்தவரை எட்டாவது படித்தவரோடுதான் ஒப்பிடுவது. முழுக்க ஓட்டை அடைந்துவிட்டதா? இல்லை. புகைத்தவர்களிடம் ஈரல் கெட்டுச் சாவதும் மூன்று மடங்குக்கு மேல் தெரிந்தது. அது பீடியின் வேலையல்ல, பீடியோடு சேர்ந்த பாட்டிலின் வேலை. இப்படிப்பட்ட கலப்படத்தை மறைக்காமல் அறிக்கையிலேயே போட்டிருப்பது எனக்குப் பிடித்தது. ஆனால் நாலரை மடங்கைக் குடி மட்டுமே விளக்கிவிடாது.

மணலிப் புகைக்கும் இதில் விடை இருக்கிறது. புகைத்தவரும் புகைக்காதவரும் ஒரே ஊர்க் காற்றைத்தான் சுவாசித்தார்கள். துறைமுகத்தின் நிலக்கரித் தூசு (2011-ல் கோர்ட் உத்தரவுக்குப் பிறகுதான் அது நின்றது) ராயபுரத்தில் பீடி குடிக்கிறவர் வீட்டுக்கு மட்டும் தேடிப்போய் விழவில்லை. இருவருக்கும் பொதுவான ஒன்றால் இருவருக்கும் இடையே வித்தியாசம் வராது. இதற்காகப் புகைபோக்கிகள் நல்லவை என்று அர்த்தமில்லை. இந்தக் கணக்கு அவற்றை விசாரிக்கவே இல்லை, அவ்வளவுதான். எண்ணூர்க்காரர் யாராவது "அப்போ எங்க காத்து சுத்தம்னு சர்டிஃபிகேட்டா?" என்று கேட்டால், இல்லை சாமி, இல்லவே இல்லை.

சொல்லப்போனால் எண்ணூர், திருவொற்றியூர், எங்கள் மாதவரம் எதுவுமே அந்தக் கணக்கில் இல்லை. 1990-களில் நாங்கள் மாநகராட்சி எல்லைக்கு வெளியே. 2011-ல்தான் எங்களைச் சென்னையோடு சேர்த்தார்கள். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் செத்தவர் அறிவியலுக்கு உதவினார். இந்தப் பக்கம் செத்தவர் சும்மா செத்தார்.

கஜலட்சுமி அத்தோடு நிற்கவில்லை. டாலும் ஹில்லும் செய்ததுபோல் கணக்கைத் திருப்பிப் போட்டார். 1998 முதல் 2001 வரை, 35 வயதைத் தாண்டிய சென்னைவாசிகள் ஐந்து லட்சம் பேரை (துல்லியமாக 5,00,810) வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். எடை, உயரம், ரத்த அழுத்தம், பழக்கவழக்கம். பிறகு 2010-களின் நடுப்பகுதி வரை காத்திருந்தார்கள். 2018-ல் வந்த அறிக்கையில் இன்னொரு அதிர்ச்சி. குண்டாக இருப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் அதிகம். ரத்த அழுத்தம் அதிகமானால் மாரடைப்பு, பக்கவாதச் சாவு அதிகம். ஆக, குண்டானவர்கள் அப்படி அதிகம் செத்திருக்க வேண்டும் அல்லவா? பெரிதாக இல்லை! ரத்த அழுத்தம் சாவை நன்றாக முன்கூட்டிச் சொன்னது, உடல் பருமன் சரியாகச் சொல்லவில்லை. இன்னொரு கோடியில் ஒல்லிக்குச்சிகள் காசநோயிலும் மூச்சு நோயிலும் அதிகம் போனார்கள். வெள்ளைக்காரர் ஊர் அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு நம் ஆட்களுக்கு ஜோசியம் சொல்ல முடியாது என்பது தெரிந்தது. எந்த அளவுகோல் எந்த ஊரில் பலிக்கும் என்பதை அந்த ஊர் வாசலில் நின்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது நான் தள்ளி வைத்த கதை.

என் பெரியப்பா ராயபுரத்தில் இருந்தார். ஹார்பரில் மூட்டை வேலை, அப்புறம் மேஸ்திரி. 1996-ல் இறந்தார், வயது ஐம்பத்திரண்டு. மூலக்கொத்தளத்தில் காரியம். சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. ஆனால் எட்டு மாதமாக அவர் இருமிய இருமல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். டி.பி. வீடு என்று தெரு பேசினால் என்ன ஆகும்? பெரியம்மாதான் டாக்டரிடம் கெஞ்சி அப்படி எழுதச் சொன்னார்.

'லான்செட்' சமாசாரம் தெரிந்த பிறகு பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். பெரியப்பா போன ஒன்றிரண்டு வருடத்தில் யாராவது வந்து விசாரித்தார்களா? நினைவிருக்காது என்றுதான் நினைத்தேன்.

"வந்துச்சே ஒரு பொண்ணு. கையில ஃபைலு. ரேஷன் கார்டுல பேர் எடுக்க வந்திருக்குன்னு நெனச்சேன்."

அனுப்பியது யார் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பெண்தானா என்று இனிமேல் நிரூபிக்க என்னாலும் முடியாது.

"என்ன கேட்டுச்சு?"

"பீடி குடிப்பாரான்னுச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டுன்னேன். அதுல இன்னா மறைக்கறது, ஊருக்கே தெரியும்."

"அப்புறம்?"

"எத்தினி மாசமா இருமுனாரு, சாயங்காலமானா சுடுமா, எச்சில்ல ரத்தம் வந்துச்சா, எளைச்சாரான்னு ஒவ்வொண்ணா கேட்டுச்சு. பாவம், நல்லா உக்காந்து கேட்டுச்சுடா. எல்லாம் சொன்னேன். டீகூட போட்டுக் குடுத்தேன்."

சற்று நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஆனா டி.பி.ன்னு மட்டும் நான் வாயத் தொறந்து சொல்லலியே."